தமிழ் மின்னூல் வடிவங்கள்: ஒரு வரலாற்று நோக்கு

நூலொன்று வாழ்வதும் மறைவதும் அதன் பொருட்சிறப்பை மட்டும் பொறுத்தனவல்ல. அது எதன்மேல் எழுதப்பட்டது, எவ்வெழுத்தில் எழுதப்பட்டது, யார் கைக்கு எட்டியது என்பனவும் அதன் ஆயுளை முடிவு செய்கின்றன. இலக்கிய வரலாறு எழுதுவோர் நூலின் உயிரைப் பற்றி விரிவாகப் பேசுவர். அதன் உடலைப் பற்றிப் பேசுவோர் சிலரே. மின்னூல் என்னும் புதுவரவு வந்து சேர்ந்தபின் இவ்வுடலைப் பற்றிய ஆராய்ச்சியை நாம் இனியும் ஒதுக்கி வைத்தல் இயலாது. ஒரு நூலை எந்தக் கோப்பு வடிவத்தில் வாசகர்க்கு வழங்குவது என்பது கணிப்பொறி வல்லுநர்க்கே உரிய சிக்கல் போலத் தோன்றலாம். தமிழாசிரியர்க்கும் மாணவர்க்கும் அதில் பங்குண்டு என்பதே என் துணிபு.

பினாங்கில் வாழும் எனக்கு இவ்வெண்ணம் அடிக்கடி எழுவதற்குக் காரணமுண்டு. 1816ஆம் ஆண்டில் பினாங்கு பிரீ ஸ்கூலில் தமிழ் வகுப்புத் தொடங்கிய ஊர் இது. மலேசியத் தமிழ்க் கல்வியின் இருநூறாண்டுக் கணக்கை நாம் அவ்வகுப்பிலிருந்தே எண்ணுகிறோம். நாகூர்ப் புலவர் குலாம் காதிறு நாவலர் ஆசிரியராக அமர்ந்து 'வித்தியா விசாரிணி' என்னும் ஏட்டை வெளியிட்டதும் இங்கேதான். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இத்தீவிலிருந்து தமிழிதழ்கள் வெளிவந்தன என்று பெருமையோடு வகுப்பில் கூறுகிறோம். அவ்விதழைக் காட்டுங்கள் என்று மாணவன் கேட்டால் நம் கைகள் வெறுமையாகவே இருக்கின்றன. அதே காலத்தில், 1887ஆம் ஆண்டில், சிங்கப்பூரில் மகுதூம் சாயபு தொடங்கிய 'சிங்கை நேசன்' இதழை இன்று கணித்திரையில் பக்கம் பக்கமாகப் புரட்டிப் பார்க்க முடிகிறது. இரண்டும் ஒரு காலத்தவை. ஒரே கடலின் இரு துறைமுகங்களில் பிறந்தவை. ஒன்றின் படிகள் பேணப்பட்டு மின்னுருப் பெற்றன. மற்றொன்றைப் பெயரளவில் அறிகிறோம்.

பழைய தாளுக்குத்தான் இக்கேடு, மின்கோப்புக்கு அழிவில்லை என்று நானும் நெடுநாள் நம்பியிருந்தேன். 1990களின் நடுவில் நண்பர் சிலரோடு சேர்ந்து மாணவர் கட்டுரைகளைத் தொகுத்து ஒரு சிறு நூலாக வெளியிட்டோம். அன்று கடைகளில் விற்ற ஒரு தமிழ் எழுத்துருவை விலைக்கு வாங்கி, இரவெல்லாம் விழித்திருந்து தட்டச்சுச் செய்து, நெகிழ்வட்டுகள் மூன்றில் சேமித்து வைத்தோம். அச்சான நூலைக் கரையான் அரித்தாலும் வட்டில் இருப்பது நிலைக்கும் என்பது எங்கள் கணக்கு. இருபது ஆண்டுகளுக்கு மேல் சென்றபின், என்னிடம் பயின்ற இளைஞர் ஒருவர் பழைய வட்டுகளைப் படிக்கும் கருவியொன்றைத் தேடிக் கொண்டுவந்தார். கோப்புத் திறந்தது. திரையில் உரோமன் எழுத்துகளும் பிரெஞ்சு எழுத்துகளும் நாணயக் குறிகளும் கலந்து, நெல்லும் பதரும் இறைத்தாற்போலக் கிடந்தன. "ஐயா, இது தமிழா?" என்று அவர் கேட்டார். தமிழ்தான், தம்பி, என்றேன். வேறு விடை அப்போது என்னிடம் இல்லை. அவ்வெழுத்துருவை விற்றவர் கடையை மூடி ஆண்டுகள் பல ஆகியிருந்தன. அச்சான நூலோ, அட்டை மங்கியும் நூல் தளர்ந்தும், அலமாரியில் படிக்கும் நிலையிலேயே இருந்தது!

இக்கோப்புக்கு நேர்ந்த கதியை விளங்கிக்கொள்ள நாம் சற்றுப் பின்னோக்கிச் செல்ல வேண்டும். எழுத்தைத் தாங்கும் பொருள் எழுத்தையே மாற்றிவிடும் என்பது நம் மொழிக்குப் புதிய பாடம் அன்று. மெய்யெழுத்துப் புள்ளி பெறும் என்றும், எகர ஒகரக் குறில்களும் புள்ளி பெறும் என்றும் தொல்காப்பியம் விதிக்கிறது. ஓலையில் எழுத்தாணி கொண்டு எழுதியோரோ பெரும்பாலும் புள்ளியை விட்டுவிட்டனர். அழுத்திக் குத்தினால் ஓலை கிழியும் என்பது அதற்குக் கூறப்படும் காரணம். ஏடு படிப்போர் சொல்லையும் யாப்பையும் முன்னறிவாகக் கொண்டு புள்ளியைத் தாமே இட்டுப் படித்தனர். எழுதப்பட்டதற்கும் படிக்கப்பட்டதற்கும் நடுவே ஓர் அறிவு தேவைப்பட்டது. அவ்வறிவு மங்கிய இடங்களில் பாட வேறுபாடுகள் பெருகின. வீரமாமுனிவர் பதினெட்டாம் நூற்றாண்டில் எகர ஏகாரங்களுக்கும் ஒகர ஓகாரங்களுக்கும் வடிவ வேறுபாடு வகுத்தது இக்குறையை நீக்கவே. என் நெகிழ்வட்டுக் கோப்பும் ஒருவகையில் புள்ளியில்லா ஏடுதான்; திறவுகோல் எழுத்துருவினுள் இருந்தது, எழுத்துரு மறைந்ததும் ஏடு ஊமையாயிற்று.

அச்சு வந்தபோதும் இதுவே நிகழ்ந்தது. 1554இல் லிஸ்பன் நகரில் அச்சான சமய வினாவிடை நூலில் தமிழ்ச் சொற்கள் உரோமன் எழுத்தில் இருந்தன. தமிழ் எழுத்திலேயே அச்சான 'தம்பிரான் வணக்கம்' 1578இல் கொல்லத்தில் வெளிவந்தது. பதினாறு பக்கமே கொண்ட சிறு நூல். பின்னர்த் தரங்கம்பாடியில் சீகன்பால்கு அச்சகம் நிறுவியபோது, செருமனியின் ஹாலே நகரிலிருந்து வந்த தமிழ் எழுத்துகள் பெரியனவாக இருந்தமையால் தாள் மிகுதியாகச் செலவாயிற்று. ஆகவே சிறிய எழுத்துகளை இங்கேயே வார்க்கத் துணிந்தனர். பாலாடைக்கட்டி வந்த பெட்டிகளின் ஈயத்தை உருக்கி அவற்றை வார்த்தனர் என்பது அச்சு வரலாற்றில் பலரும் எடுத்துரைக்கும் செய்தி. எழுத்தின் அளவை அங்கே தாளின் விலை முடிவு செய்தது. இன்று கைப்பேசித் திரையின் அகலம் முடிவு செய்கிறது.

மின்னூலின் தொடக்கத்தை 1971ஆம் ஆண்டில் வைப்பது வழக்கம். அமெரிக்காவின் இலினாய்ப் பல்கலைக்கழகத்தில் மாணவராக இருந்த மைக்கேல் ஆர்ட் என்பார் அந்நாட்டு விடுதலைச் சாற்றுரையைக் கணிப்பொறியில் தட்டச்சுச் செய்து பிறர்க்கு வழங்கினார். அதுவே குட்டன்பர்க்குத் திட்டத்தின் வித்து. அவர் நெடுங்காலம் கடைப்பிடித்த கொள்கை மிக எளியது: அழகு வேண்டா, எழுத்து மட்டும் போதும், எந்தக் கணிப்பொறியும், எந்தக் காலத்திலும், படிக்கக்கூடிய வெற்றெழுத்தாகவே நூல்கள் இருக்க வேண்டும். அதைக் கேலி செய்தோர் உண்டு. சாய்வெழுத்தும் இல்லாத பக்கத்தை யார் படிப்பர் என்றனர். ஆயினும் 1971இல் தட்டிய அக்கோப்பை இன்றும் தடையின்றிப் படிக்கலாம். 1995இல் நாங்கள் தட்டியது குப்பையாயிற்று.

ஆங்கிலத்திற்கு அமைந்த அந்த எளிமை தமிழுக்கு ஏன் அமையவில்லை? அன்றைய கணிப்பொறிகளில் ஓர் எழுத்துக்கு எட்டு நுண்மிகள் ஒதுக்கப்பட்டன. அவற்றால் 256 இடங்களே கிடைக்கும். முதற் பாதியான 128 இடங்களில் ஆங்கில எழுத்துகளும் எண்களும் குறிகளும் அமர்ந்துவிட்டன. எஞ்சிய பாதியில் 247 தமிழ் எழுத்துகளையும் வைப்பது எங்ஙனம்? எனவே எழுத்தைக் கூறுகளாகப் பிரித்தனர். கொம்பு தனி, கால் தனி, சுழி தனி. உகர ஊகார வரிசைகள் பிரிக்க இயலாதன ஆகையால் தனித்தனி இடம் பெற்றன. இதுவரை தவறில்லை. ஆனால் எந்தக் கூற்றை எந்த இடத்தில் வைப்பது என்பதில் எழுத்துரு செய்தோர் ஒவ்வொருவரும் தத்தம் வழியே சென்றனர். ஒருவருக்குக் ககரமாக இருந்த எண் மற்றொருவருக்கு நகரமாயிற்று. ஒருவர் எழுதியதை மற்றவர் படிக்க வேண்டுமானால் அவருடைய எழுத்துருவையே வைத்திருக்க வேண்டும். ஒரே மொழியை எழுதிய நாம், கணிப்பொறியில் பல குலங்களாகப் பிரிந்து நின்றோம்.

இம்முன்னோடிகளைக் குறை கூறுவது என் நோக்கமன்று. அவர்கள் இல்லையேல் கணிப்பொறியில் தமிழே இல்லை. நம் நாட்டு முத்து நெடுமாறன் 1985ஆம் ஆண்டிலேயே 'முரசு' மென்பொருளை உருவாக்கினார். அவர் வடித்த எழுத்துருக்கள் பிற்காலத்தில் ஆப்பிள் நிறுவனத்தின் கருவிகளிலும் இடம்பெற்றன. கனடாவில் சீனிவாசன் 'ஆதமி' செய்தார். சுவிட்சர்லாந்தின் உலோசான் நகரில் வேதியியல் அறிஞராகப் பணியாற்றிய முனைவர் கு. கல்யாணசுந்தரம் 'மயிலை' எழுத்துருவைச் செய்து இலவசமாக வழங்கினார். சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி 'கணியன்' முறையை அமைத்தார். அவர் சிறுகதையாசிரியர், ஆசிரியப் பயிற்சித் துறையினர், பொறியியல் பயின்றவர் அல்லர். 1995இல் சிங்கப்பூர்க் கவிதைகளின் இணையத் தொகுப்பு வெளிவந்தபோது அதில் தமிழும் இடம்பெற உழைத்தவர் அவர். தமிழாசிரியர் இத்துறையில் என்ன செய்ய இயலும் என்று கேட்போர்க்கு அவர் பெயரையே நான் விடையாகக் கூறுவது வழக்கம்.

1997ஆம் ஆண்டில் சிங்கப்பூரில் அவர் முன்னின்று கூட்டிய மாநாட்டிலிருந்து, எல்லார்க்கும் பொதுவான குறிமுறை வேண்டும் என்னும் முயற்சி வலுப்பெற்றது. இணைய மடல்வழி உலகெங்கும் இருந்த தமிழர் கலந்து பேசித் 'திஸ்கி' என்னும் குறிமுறையை வகுத்தனர். 1999 பிப்பிரவரியில் சென்னையில் கூடிய மாநாட்டிற்குப் பின் தமிழ்நாட்டு அரசு டாம், டாப் என்னும் வேறிரு முறைகளை ஏற்றது. ஒன்று வேண்டிக் கூடிய நாம் மூன்றோடு திரும்பினோம். தமிழர்க்குரிய குணம் என்று சிரிப்பதைத் தவிர வேறென் செய்வது?

இக்குழப்பத்தின் நடுவேதான் தமிழின் முதற்பெரும் மின்னூல் முயற்சி முளைத்தது. 1998ஆம் ஆண்டுப் பொங்கல் நாளில் கல்யாணசுந்தரம் 'மதுரைத் திட்டம்' என்னும் தன்னார்வப் பணியைத் தொடங்கினார். அமெரிக்காவில் வாழ்ந்த குமார் மல்லிகார்ச்சுனன் அவர்க்குத் துணை நின்றார். பல நாட்டுத் தமிழர் தத்தம் இல்லத்திலிருந்து நூல்களைத் தட்டச்சுச் செய்தனர். வேறு சிலர் பிழை திருத்தினர். இலவசமாக இணையத்தில் வெளியிட்டனர். வரிசையில் முதலாவதாக அமைந்தது திருக்குறள். ஒரு சங்கம் மதுரையில் இருந்து தமிழாய்ந்தது என்பது மரபு. இச்சங்கத்தார் ஒருவரையொருவர் கண்டதும் அரிது.

வடிவம் என்னும் சிக்கலை அவர்கள் எதிர்கொண்ட முறையே நாம் கற்கத் தக்கது. தொடக்கத்தில் இணைமதி, மயிலை ஆகிய எழுத்துருக்களில் நூல்கள் வெளிவந்தன. 1999 முதல் திஸ்கிக்கு மாறினர். 2004 அளவில் ஒருங்குறிக்கு மாறத் தொடங்கினர். ஒவ்வொரு முறையும் முன்பே வெளியிட்ட நூல்களையும் புதிய குறிமுறைக்குப் பெயர்த்தெழுதினர். அது புகழ் தராத வேலை. புதிய நூலொன்றைச் சேர்த்தால் பாராட்டுவோர் உளர். பழைய நூலை வேறு குறிமுறைக்கு மாற்றியதற்கு யார் பாராட்டுவர்? ஆயினும் அவ்வேலையைச் செய்தமையால்தான் 1998இல் தட்டிய குறள் இன்று சிறுவன் கைப்பேசியிலும் தெரிகிறது. பழைய புலவர் குடும்பங்களில் ஏடு பெயர்த்தெழுதுதல் தலைமுறைக் கடனாக இருந்தது. ஓலை இற்றுப்போகுமுன் புதிய ஓலையில் எழுதிவிடுவர். அக்கடனை மின்னுலகில் ஆற்றியவர்கள் இவர்கள்.

ஒருங்குறி என்பது உலக மொழிகள் யாவற்றின் எழுத்துகளுக்கும் தனித்தனி எண் வழங்கும் ஏற்பாடு. அதன் முதற்பதிப்பு 1991இல் வந்தது. தமிழும் அதில் இருந்தது. தமிழுக்கு ஒதுக்கியவை 128 இடங்களே என்றும், இந்திய அரசின் பழைய குறிமுறையைத் தழுவி அமைத்தமையால் உயிர்மெய்களுக்கு உரிய இடம் கிடைக்கவில்லை என்றும் அறிஞர் பலர் வருந்தினர். அவ்வருத்தத்தில் நியாயம் உண்டு. ஆயினும் 2010ஆம் ஆண்டில் தமிழ்நாட்டு அரசும் ஒருங்குறியைத் தரமாக ஏற்று, 'டேஸ்' என்னும் பதினாறு நுண்மிக் குறிமுறையை மாற்றாக வைத்துக்கொண்டது. அதன்பின் இவ்வழக்கு ஓய்ந்தது எனலாம். ஒருங்குறியின் உயர்வு அதன் இலக்கணச் செம்மையில் இல்லை. எல்லாரும் அதையே பயன்படுத்துகின்றனர் என்பதில் இருக்கிறது.

இவ்விடத்தில் ஒரு நுட்பம் கூறுதல் வேண்டும். பின்வரும் கதை அதன்மேல் நிற்கிறது. 'கெ' என்று எழுதும்போது நம் கை கொம்பை முதலில் இடுகிறது, ககரத்தைப் பின்னர் இடுகிறது. பழைய எழுத்துருக் கோப்புகளும் அவ்வரிசையிலேயே சேமித்தன. ஒருங்குறியோ ஒலிப்பு முறையைப் பின்பற்றி, ககரத்தை முன்னும் எகரக் குறியைப் பின்னும் வைக்கிறது. திரையில் காட்டும்போது கொம்பை முன்னே கொண்டுவந்து நிறுத்துவது கருவியின் கடமை. அக்கடமையை அறியாத கருவியில் கொம்பு எழுத்துக்குப் பின்னே போய் நிற்கும். ஒகரத்தின் கொம்பும் காலும் ஒரே பக்கத்தில் ஒட்டிக்கொள்ளும். கற்றவரும் நான்கு வரிக்கு மேல் படிக்க முடியாது.

மின்னூல் படிப்பதற்கென்றே உருவான கையடக்கக் கருவிகள் சந்தைக்கு வந்தபோது அவற்றுட் பல இக்கடமையை அறியாதனவாகவே இருந்தன. உலகம் அப்போது வேறொரு தேர்வில் ஈடுபட்டிருந்தது. அடோபி நிறுவனம் 1993இல் வெளியிட்ட பி.டி.எஃப். என்னும் வடிவம் பக்கத்தை அச்சிட்டாற்போல் அப்படியே நிறுத்திவைப்பது. எழுத்துருவையும் தன்னுள்ளே சுமந்து செல்வது. 2007இல் தரமாக அறிவிக்கப்பட்ட இ-பப் என்பது அதற்கு நேர்மாறானது. அதனுள் இருப்பது ஓடும் எழுத்து. திரை சிறிதானால் வரி மடங்கும். கண்பார்வை மங்கியவர் எழுத்தைப் பெரிதாக்கினால் பக்கம் நீளும். மொபி என்பது பிரெஞ்சு நிறுவனமொன்று தொடங்கி 2005இல் அமேசான் நிறுவனம் வாங்கிக்கொண்டது. கிண்டில் கருவிகளுக்கு நெடுங்காலம் உணவாக இருந்தது.

ஓடும் எழுத்தே சிறந்தது என்று ஆங்கில வாசகர் எளிதில் முடிவு செய்தனர். தமிழ் வாசகர்க்கு அம்முடிவு வாய்க்கவில்லை. எழுத்து ஓடினால் கொம்பும் ஓடிவிடுகிறது! 2013ஆம் ஆண்டில் த. சீனிவாசனும் அவர்தம் நண்பர்களும் தொடங்கிய 'இலவசத் தமிழ் மின்னூல்கள்' என்னும் முயற்சி இதற்குக் கண்ட வழி வியக்கத்தக்கது. எழுத்தாளரின் இசைவு பெற்று, யாரும் பகிரலாம் என்னும் உரிமத்தோடு நூல்களை வெளியிட்ட அவர்கள், ஒரு நூலை நான்கு உடல்களில் வழங்கினர்: இ-பப், மொபி, பெருந்தாள் அளவிலான பி.டி.எஃப்., ஆறங்குலத் திரைக்கென்றே பக்கம் அமைத்த சிறிய பி.டி.எஃப். இந்நான்காவதே தமிழின் தனிச் சிக்கலுக்குக் கண்ட தீர்வு. தமிழறியாத கருவியிலும் தமிழ் சிதையாமல் தெரிய, பக்கத்தையே படம்போல் உறையவைத்துக் கருவியின் அளவுக்குச் சுருக்கினர். தரங்கம்பாடியில் எழுத்தைச் சிறிதாக வார்த்தோர் செயலோடு இதை ஒப்பிட்டு நான் மகிழ்வதுண்டு.

2016 டிசம்பரில் அமேசான் நிறுவனம் தமிழையும் தன் கிண்டில் அங்காடியில் சேர்த்தது. தமிழ் மின்னூல்கள் விலைக்கு விற்கலாயின. புதிய எழுத்தாளர் பலர் தோன்றினர். நன்மையே. ஆயினும் அங்காடி தரும் கோப்பு பூட்டோடு வருவது. அதைத் திறக்கும் சாவி வாசகர் கையில் இல்லை. 2009இல் அந்நிறுவனம் உரிமைச் சிக்கலொன்றால் ஜார்ஜ் ஆர்வெல் எழுதிய '1984' நாவலை வாசகரின் கருவிகளிலிருந்து தொலைவிலிருந்தே அழித்துவிட்டது. கண்காணிப்பைப் பற்றிய நாவலுக்கே அக்கதி நேர்ந்ததை உலகம் நகைத்தது. பின்னர் 2022இல் மொபி வடிவத்தைத் தானே கைவிட்டு, வாசகர் அனுப்பும் இ-பப் கோப்புகளை ஏற்கலாயிற்று. நிறுவனத்தின் சொந்த வடிவத்தை நம்பியோர் இடர்ப்பட, பொதுவடிவத்தை நம்பியோர் இருந்த இடத்திலேயே இருந்தனர்.

இதுவரை கூறியவை தட்டச்சுச் செய்த எழுத்தைப் பற்றியன. வேறொரு நெறியும் உண்டு. அது பக்கத்தைப் படமெடுத்துக் காப்பது. 2001இல் கோலாலம்பூரில் நடந்த தமிழ் இணைய மாநாட்டையொட்டித் தொடங்கிய தமிழ் மரபு அறக்கட்டளை ஓலைச்சுவடிகளையும் பழைய அச்சு நூல்களையும் மின்வருடிப் படங்களாக்கும் பணியை மேற்கொண்டது. அதை நிறுவியோருள் ஒருவரான முனைவர் சுபாஷிணி பினாங்கில் பிறந்தவர், செருமனியில் வாழ்பவர். ஈழத்தில் 1981ஆம் ஆண்டில் யாழ்ப்பாண நூலகம் எரியூட்டப்பட்டு ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. அம்மண்ணின் எழுத்தைக் காக்க 2005இல் தோன்றிய 'நூலகம்' திட்டமும், தொடக்கத்தில் தட்டச்சில் ஈடுபட்டுப் பின்னர்ப் பக்கப் படங்களையே பெரிதும் நாடியது. காரணம் எளிது. ஒரு நூலைத் தட்டச்சுச் செய்யும் காலத்தில் பல நூல்களைப் படமெடுத்துவிடலாம். தீயையும் கரையானையும் முந்த வேண்டியவர்க்கு விரைவே முதன்மை.

படத்திற்கு வேறொரு சிறப்பும் உண்டு. 1978இல் தமிழ்நாட்டு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றது. பின்னர் நம் பள்ளிகளும் அதைப் பின்பற்றின. அதற்கு முந்திய நூல்களில் ணை, லை, றா போன்றவை யானைத் துதிக்கை போன்ற வளைவுகளோடு இருக்கும். தட்டச்சுச் செய்தால் அவை மறைந்து இன்றைய வடிவமே தோன்றும்; படத்தில் அன்றைய முகமே இருக்கும். அச்சுப்பிழையும் பக்க எண்ணும் அறியாதார் இட்ட கைக்குறிப்பும்கூடப் படத்தில் தங்கும். ஆராய்ச்சியாளர்க்கு இவை பொன். மாணவர்க்கோ படம் பெருஞ்சுமை. சொல்லைத் தேட முடியாது. எழுத்தைப் பெரிதாக்கினால் வரி திரைக்கு வெளியே போகும். பார்வையற்றோர்க்குப் படித்துக்காட்டும் மென்பொருளுக்கு அது வெறும் கறுப்பும் வெளுப்புமே. இவ்விரு நெறிகளையும் இணைத்தது தமிழ் விக்கிமூலம். அங்கே பக்கப் படம் ஒருபுறமும் அதிலிருந்து கணிப்பொறி உணர்ந்தெடுத்த எழுத்து மறுபுறமும் நிற்க, தன்னார்வலர் இரண்டையும் ஒப்பிட்டுப் பிழை களைகின்றனர். உ.வே. சாமிநாதையர் ஏடுகளை ஒப்புநோக்கிய பணியை இப்போது பள்ளி மாணவரும் சிறு அளவில் செய்யலாம். இதை நம் தமிழ்க் கழகங்கள் வகுப்புப் பயிற்சியாகக் கொள்ளாதது ஏன் என்பது எனக்கு விளங்கவில்லை.

எந்த வடிவம் சிறந்தது என்று ஆசிரிய நண்பர்கள் என்னைக் கேட்பதுண்டு. யாருக்கு, எதற்கு என்று நான் திருப்பிக் கேட்பேன். அச்சிட்டு வகுப்பில் கொடுக்கப் பி.டி.எஃப். பொருந்தும். கைப்பேசியில் படிக்க இ-பப் பொருந்தும். இன்றைய கைப்பேசிகள் கொம்பை அதன் இடத்தில் நிறுத்த அறிந்துவிட்டன. பழைய நூலாயின் பக்கப் படத்தை எறிந்துவிடலாகாது. இவற்றுக்கெல்லாம் அடியில், மூலமாக, ஒருங்குறியில் அமைந்த வெற்றெழுத்துக் கோப்பொன்று இருத்தல் வேண்டும். அதிலிருந்து மற்றவற்றை எப்போதும் ஆக்கிக்கொள்ளலாம். மற்றவற்றிலிருந்து அதை மீட்பது எத்துணை அரிது என்பதை நான் பட்டறிந்தேன். நம் சங்கங்கள் இன்றும் அச்சகத்திற்குக் கொடுத்த பி.டி.எஃப். ஒன்றையே காப்புப்படியாக வைத்திருப்பதைக் காண்கிறேன். பழைய எழுத்துருவில் அமைத்த அத்தகைய கோப்பு பார்வைக்கு அழகாகவே இருக்கும். அதிலிருந்து ஒரு வரியை நகலெடுத்து வேறிடத்தில் ஒட்டிப் பார்த்தாலே உண்மை வெளிப்படும்.

எங்கள் நெகிழ்வட்டுக்கு மீண்டும் வருகிறேன். அச்சான நூல் இருக்க, அந்தக் கோப்பை மீட்க முயல்வானேன் என்று சிலர் கேட்டனர். காரணம் ஒன்றுண்டு. அச்சுச் செலவு மிஞ்சியதால், இறுதி நேரத்தில் ஒரு கட்டுரையை நாங்கள் நீக்கிவிட்டோம். தோட்டத்திலிருந்து வந்து பயின்ற மாணவி ஒருத்தி, தன் பாட்டி கப்பலேறி வந்த கதையைக் கேட்டறிந்து எழுதியது அது. அக்கட்டுரை அச்சில் இல்லை. கையெழுத்துப் படியும் இல்லை. குப்பையாகத் தெரிந்த அக்கோப்பில் மட்டும் இருந்தது. அடுத்த ஆண்டில் வெளியிடலாம் என்று அந்தப் பெண்ணிடம் அன்று கூறியவன் நான்தான். அடுத்த தொகுப்பு வரவேயில்லை.

இளைஞர் வழி கண்டார். அச்சான நூலின் பக்கத்தையும் கோப்பின் பக்கத்தையும் அருகருகே வைத்து, எந்தக் குறி எந்த எழுத்துக்கு வருகிறது என்று பட்டியலிட்டார். எகிப்தியக் கல்வெட்டைப் படித்தோரும் இவ்வாறே செய்தனர் என்று நான் கூற, அவர் சிரித்தார். நான் நூலைப் படிக்க, அவர் குறிகளை ஒப்புநோக்க, மூன்று வார இறுதிகள் கழிந்தன. முன்னே நின்ற கொம்புகளைப் பின்னே நிறுத்தவும் ஒரு சிறு நிரல் எழுதினார். பின்னர் அந்த அட்டவணையைக் கொண்டு அச்சாகாத கட்டுரையைத் திறந்தோம். தமிழ் வந்தது. அச்சான கட்டுரைகளில் ஓரிடத்தும் வாராத குறிகள் இரண்டு மட்டும் எஞ்சின. ஒன்று ஆய்தம் எனச் சொல்லைக் கொண்டு தெளிந்தோம். மற்றொன்று ஊர்ப்பெயரொன்றின் நடுவில் இருந்தது. அதை எழுதியவரைத் தவிர வேறு யாரும் கூற முடியாது.

அவரைத் தேடிக் கண்டுபிடிக்க மேலும் சில மாதங்கள் ஆயின. பட்டர்வொர்த்துப் பக்கம் தொழிற்சாலையொன்றில் மேற்பார்வையாளராக இருக்கிறார். பாட்டி மறைந்து நெடுநாளாயிற்று. கட்டுரை கிடைத்தது என்றும், அச்சிட்டு அஞ்சலில் அனுப்பட்டுமா என்றும் செய்தி விடுத்தேன். "வேலைக்குப் போகும் பேருந்தில் கைப்பேசியில் படிப்பேன், ஐயா, எழுத்தைப் பெரிதாக்கும்படி அனுப்புங்கள்" என்று மறுமொழி வந்தது. இ-பப் கோப்பாக அனுப்பினோம். மறுநாள் காலை அந்த ஊர்ப்பெயரை எழுதி அனுப்பியிருந்தார்.